கியோட்டோ கோயில்களில் இலையுதிர்காலம்: கூட்டத்தில் சிக்காமல் சுற்றிப் பார்க்க, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானில் மேப்பிள் இலைகள் சிவக்கும் பருவத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் இவை. பெரும்பாலும் கியோட்டோவையும் அதன் அக்கம்பக்கத்தையும் பற்றித்தான் பேசுகிறேன், ஏனென்றால் நெரிசலும் அங்கேதான். எந்தக் கோயிலுக்குப் போகிறோம் என்பதைவிட எந்த நாள், எந்த மணிக்கு, எந்த ரயிலில் போகிறோம் என்பதே கூட்டத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கியோட்டோவுக்கு எந்த வாரம் போகலாம்?

நகரத்துக்குள் இருக்கும் கோயில்களில் நிறம் முழுதாக ஏறுவது பொதுவாக நவம்பர் 20 வாக்கில். டிசம்பர் முதல் வாரம் வரை தாங்கும். பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் நவம்பர் நடுப்பகுதி என்று போட்டிருக்கும், அதை நம்பி டிக்கெட் எடுத்தால் பாதிப் பச்சையைப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

காரணம் எளிது. இரவு வெப்பநிலை 8 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கினால்தான் இலையில் பச்சையம் சிதைந்து சிவப்பு ஏறும். அந்தக் குளிர் இப்போதெல்லாம் தாமதமாக வருகிறது. ஜப்பானிய அரசின் வானிலைத் துறைக் கணக்குப்படி, மேப்பிள் சிவக்கும் நாள் பத்தாண்டுக்குச் சுமார் 3 நாள் வீதம் பின்னால் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. 2024-இல் வரலாறு காணாத வெப்பமான இலையுதிர்காலம். டிசம்பர் பிறந்த பிறகும் பல கோயில்களில் மரங்கள் உச்ச நிறத்தில் நின்றன.

என்னைக் கேட்டால் டிசம்பர் முதல் வாரத்தைத்தான் சொல்வேன். நவம்பர் 23 ஜப்பானில் அரசு விடுமுறை. அதையொட்டிய வார இறுதியில்தான் உள்ளூர்க்காரர்கள் மொத்தமாகக் கியோட்டோவில் இறங்குவார்கள். 2026-இல் அந்த நாள் திங்கட்கிழமை, ஆக 21, 22, 23 மூன்று நாளும் தொடர் விடுமுறை. அந்த மூன்று நாளும் கியோட்டோ பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். டிசம்பர் வந்துவிட்டால் கூட்டமும் குறையும், அறை வாடகையும் இறங்கத் தொடங்கும். மரத்தில் கொஞ்சம் இலை குறைந்திருக்கும்தான். ஆனால் விழுந்த இலை பாசியின் மேலும் கல்படியின் மேலும் கிடப்பதைப் பார்க்க அதுதான் காலம், சில கோயில்களுக்கு அழகே அதில்தான்.

இலை நிற முன்னறிவிப்பைப் பார்த்து டிக்கெட் போடலாமா?

விமான டிக்கெட்டுக்கு அது உதவாது. தனியார் வானிலை நிறுவனங்கள் முன்னறிவிப்பு வெளியிடும்போது விமானக் கட்டணம் ஏறியிருக்கும். முன்னறிவிப்பு உதவுவது அங்கே போய் இறங்கிய பிறகுதான்: இன்று எந்தக் கோயில், நாளை எந்தக் கோயில் என்று மாற்றிப் போட்டுக்கொள்ள. கியோட்டோ நகரச் சுற்றுலாத் தளத்தில் ஒவ்வொரு பகுதியிலும் எந்த மணிக்கு எவ்வளவு நெரிசல் என்று மதிப்பீடும் போடுகிறார்கள். அதை முந்தின இரவு ஒருமுறை பார்த்துவிட்டுப் படுங்கள்.

எனக்கு லீவு கிடைப்பதே அக்டோபர் கடைசியில்தான். அப்போது ஒன்றும் இருக்காதா?

நிறைய இருக்கும், ஆனால் கியோட்டோவில் இல்லை. நிறம் வடக்கிலிருந்து தெற்கே வரும், மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும். இந்த இரண்டையும் வைத்து எந்தத் தேதிக்கும் ஓர் ஊரைக் கண்டுபிடித்துவிடலாம்.

அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாரத்துக்கு என் முதல் சிபாரிசு கோயாசான். 816-இல் கூகாய் என்ற துறவி நிறுவிய மலைமேல் மடம், உயரம் சுமார் 800 மீட்டர். ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து நங்காய் ரயில், பிறகு கேபிள் கார். கோயில்களிலேயே தங்கலாம், மாலை ஐந்தரை, ஆறு மணிக்கெல்லாம் சைவ உணவு வந்துவிடும், விடியற்காலையில் பூஜையில் உட்காரலாம். பகலில் வந்த பஸ்கள் எல்லாம் நான்கு மணிக்கு இறங்கிப் போய்விடும். அதன் பிறகு மலை தங்கியிருப்பவர்களுக்கு மட்டும்தான்.

வடகிழக்கே போக முடிந்தால் யமதேரா என்ற மலைக்கோயில். செண்டாயிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், பிறகு ஆயிரத்துச் சொச்சம் கல்படி. முழங்கால் ஒத்துழைக்காது என்றால் ஹிராய்சுமியில் இருக்கும் சூசோன்ஜி. 1124-இல் கட்டிய பொன் மண்டபம் அங்கே இருக்கிறது. நிக்கோவும் இதே சமயத்தில் சிவக்கும், ஆனால் டோக்கியோவிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால் டோக்கியோவே அங்கே இருக்கும். இரோஹா மலைச்சாலையில் வார இறுதியில் பஸ் ஏறினால் இலையை விட முன்னால் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

கூட்டம் உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

தோஃபுகுஜியை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கின் மேலே ட்சூட்டென்கியோ என்று ஒரு மரப்பாலம், கூரை போட்டது. கீழே பார்த்த இடமெல்லாம் மேப்பிள், சுமார் 2000 மரம். உச்ச நாட்களில் அந்தப் பாலத்தில் நிற்கவே முடியாது. ஊழியர்கள் நகருங்கள், நகருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நின்றால் நெரிசல் ஆகும் என்பதால் பாலத்தின் மேல் படம் எடுக்கவே தடை போட்டுவிட்டார்கள்.

இதே கோயிலைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மிஞ்சோ என்ற துறவி பெரிய ஓவியர். அவர் வரைந்த படத்தில் மகிழ்ந்துபோன ஷோகுன் (நாட்டை ஆண்ட படைத்தலைவர்) அஷிகாகா யோஷிமொச்சி, வேண்டியதைக் கேள் என்றாராம். மிஞ்சோ கேட்டது ஒன்றுதான்: வளாகத்தில் இருக்கும் செர்ரி மரங்களை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் பூப்பார்க்கக் கூட்டம் வந்து இந்த இடம் கேளிக்கைத் தலமாகிவிடும். செர்ரி போனது. மேப்பிளை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

விடிவதற்கு முன்பே. நவம்பர் கடைசியில் கியோட்டோவில் சூரியன் ஆறே முக்காலுக்குச் சற்று முன்பு உதிக்கும், மாலை நாலே முக்காலுக்கு மறையும். பெரும்பாலான கோயில்கள் 9 மணிக்குத் திறந்து நாலரை ஐந்துக்கு மூடிவிடும். அரை மணி முன்பே டிக்கெட்டும் நின்றுவிடும். ஆக எல்லாருக்கும் இருப்பது அதே ஏழெட்டு மணி நேரம், அதில்தான் எல்லாரும் முட்டிக்கொள்கிறார்கள்.

9 மணிக்கு முன்னால் என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வியே. கியோமிசுதேரா ஆண்டு முழுவதும் காலை 6 மணிக்குத் திறக்கிறது. இருட்டிலேயே மேட்டில் ஏறிப் போய்விட்டால், கீழே கடைகள் ஷட்டரைத் தூக்குவதற்குள் பார்த்து முடித்துவிடலாம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிஷி ஹொங்கான்ஜி ஐந்தரைக்கே திறக்கும், கட்டணமும் இல்லை. அதன் முற்றத்தில் சுமார் 400 வயது ஜிங்கோ மரம் ஒன்று, உயரமாக வளராமல் பக்கவாட்டில் கைகளை விரித்துக்கொண்டு நிற்கும். தீப்பிடித்தபோது இலையிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக் கோயிலைக் காப்பாற்றியது என்று ஊரில் நம்பிக்கை. மஞ்சள் முழுதாக ஏறிய பிறகும் அந்த மரத்தடியில் கூட்டம் சேராது, எல்லாரும் சிவப்பைத் தேடி ஓடிக்கொண்டிருப்பார்கள். நன்சென்ஜி வளாகம், ஷின்னியோதோ வளாகம் இரண்டுக்கும் வெளியே கதவு கிடையாது, ஏழரை மணிக்கே உள்ளே நடக்கலாம்.

தோஃபுகுஜி பருவ காலத்தில் எட்டரைக்குத் திறக்கும். எட்டுக்கே வரிசையில் நில்லுங்கள். வரிசையில் நிற்பதற்கு முன், வெளியே பொதுவழியாகப் போகும் காவுன்கியோ பாலத்திலிருந்து ஒருமுறை பாருங்கள், அதற்குக் காசு இல்லை.

அப்படியானால் பிரபலமான கோயில்களை விட்டுவிடலாமா?

முழுக்க விட வேண்டாம். அவை சும்மா பிரபலமாகவில்லை. தோஃபுகுஜி, எய்கான்தோ, கியோமிசுதேரா மூன்றில் இரண்டை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு அதிகாலையைக் கொடுங்கள். எய்கான்தோவுக்குப் போனால் மரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். உள்ளே இருக்கும் அமிதா புத்தர் சிலை நேரே பார்க்காது, இடது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் வருகிறவர்களைப் பார்க்கும். வெளியே ஆயிரம் பேர் நின்றாலும் அந்தச் சந்நிதியில் பத்துப் பேர்தான் இருப்பார்கள்.

ஒரே நாளில் ஐந்து கோயில் என்று பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மூன்றுக்கு மேல் வேண்டாம். நான்காவது கோயிலில் உங்கள் கண் இலையைப் பார்க்காது, உட்கார பெஞ்சைத்தான் தேடும்.

கூட்டம் குறைவான கோயில்கள் எவை? பெயர் சொல்லுங்கள்.

பிஷமொன்தோ. கியோட்டோ நிலையத்திலிருந்து ஜே.ஆர். ரயிலில் ஒரே நிறுத்தம், யமஷினா. ஐந்து நிமிடம். அங்கிருந்து வீடுகளுக்கு நடுவே இருபது நிமிடம் மேட்டில் நடை. நடை இருப்பதால் டூர் குழுக்கள் குறைவு. மூடிய வாசல் ஒன்றுக்கு ஏறும் சரிவான படிகள் முழுக்க உதிர்ந்த இலை, டிசம்பர் தொடக்கத்தில் போனால் கல்லே தெரியாது. கோயிலின் தெய்வம் பிஷமொன்தென். நம் குபேரன்தான், வைஸ்ரவணன் என்ற பெயரோடு சீனா வழியாக அங்கே போய்ச் சேர்ந்தவர்.

தைகோஜி. இது சிறிய இடமே இல்லை, 951-இல் கட்டிய அதன் ஐந்தடுக்குக் கோபுரம்தான் கியோட்டோ நகரில் இன்று நிற்கும் மிகப் பழைய கட்டடம். ஆனால் நகர மையத்திலிருந்து தள்ளி, தோசாய் சப்வேயில் போக வேண்டியிருப்பதால் இடம் தாராளமாக இருக்கும். குளக்கரையில் சிவப்பு வளைவுப் பாலமும் அதன் பக்கத்தில் சிறு சந்நிதியும் எல்லா நாள்காட்டியிலும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சந்நிதி பென்சைதெனுக்கு, அதாவது சரஸ்வதிக்கு. ஜப்பானில் சரஸ்வதியைத் தண்ணீருக்குப் பக்கத்தில்தான் வைப்பார்கள், அவள் முதலில் நதி அல்லவா.

இமகுமானோ கன்னொன்ஜி. தோஃபுகுஜியிலிருந்து பதினைந்து நிமிட நடை. அங்கே ஆயிரக்கணக்கில் வரிசை நிற்கும் அதே நேரத்தில் இங்கே கையில் எண்ணிவிடும் அளவுக்குத்தான் ஆட்கள். ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஷின்னியோதோ. ஒருகாலத்தில் இதையும் ரகசியம் என்றுதான் சொல்லுவார்கள், இப்போது அப்படிச் சொல்ல முடியாது. காலை எட்டு மணிக்கு மட்டும் அந்தப் பழைய நிலைமை இன்னும் மிச்சமிருக்கிறது.

நகரின் மேற்கே அரஷியாமா பக்கம் போவதென்றால் திசையை மாற்றுங்கள். எல்லாரும் மூங்கில் தோப்பிலிருந்து ஆரம்பித்து மேலே நடப்பார்கள். நீங்கள் பஸ்ஸிலோ டாக்சியிலோ நேரே மேல்கோடியில் இருக்கும் ஓதாகி நென்புத்சுஜிக்குப் போய்விடுங்கள். அங்கே பாசி படிந்த 1200 கற்சிலைகள், 1981 முதல் பத்தாண்டுகளில் சாதாரண மக்கள் வந்து செதுக்கியவை. ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் கிண்ணம் ஏந்தியிருக்கிறார், ஒருவர் கையில் டென்னிஸ் மட்டை. அங்கிருந்து இறக்கத்தில் அதஷினோ, கியோஜி, நிசொன்யின், ஜோஜக்கோஜி என்று வரிசையாக வரும். கூட்டம் உங்களை எதிர்கொண்டு ஏறி வரும்போது நீங்கள் முடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருப்பீர்கள்.

கியோட்டோவைத் தாண்டிப் போக நேரம் இருந்தால்?

ஷிகா மாநிலம். மலையைத் தாண்டினால் பீவா ஏரி, கியோட்டோவிலிருந்து ஓட்சுவுக்கு ரயிலில் பத்து நிமிடம். கெய்ஹான் ரயில் பாதையின் ஒரு கோடியில் இஷியாமதேரா, ஜப்பானின் புகழ்பெற்ற பழைய நாவலான கெஞ்சி கதையை முராசாகி ஷிகிபு எழுதத் தொடங்கியது இங்கேதான் என்பார்கள். இன்னொரு கோடியில் சகாமோட்டோ, அங்கே சாய்கியோஜியின் மேப்பிள் நடைபாதை. நடுவில் மீதேரா. ஒரே பாதை, ஒரே நாள், கியோட்டோவின் நெரிசலில் கால்பங்குகூட இருக்காது.

இன்னும் உள்ளே போனால் சைமியோஜி, கொங்கோரின்ஜி, ஹியாகுசாய்ஜி என்று மலையடிவாரத்தில் மூன்று பழங்கோயில்கள். கொங்கோரின்ஜியின் ஏற்றத்தில் இருபக்கமும் குழந்தைகளைக் காக்கும் ஜிசோவின் சிறு சிலைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் காற்றில் சுழலும் ஒரு காற்றாடி. பஸ் வசதி குறைவு, கார் எடுக்க முடிந்தவர்களுக்குத்தான் இது சரிப்படும்.

நாரா பக்கம் ஹசெதேரா: 399 படிகள், முழுக்கக் கூரை போட்ட நடைக்கூடம், மழையிலும் ஏறலாம். அதோடு முரோஜியையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே ஐந்தடுக்குக் கோபுரம் 16 மீட்டர்தான், வெட்டவெளியில் நிற்பவற்றில் ஜப்பானிலேயே சிறியது. 1998 புயலில் மரம் விழுந்து உடைந்ததைச் சரிசெய்து நிறுத்தியிருக்கிறார்கள்.

பஸ்ஸா, ரயிலா?

ரயில். சந்தேகமே வேண்டாம். கியோட்டோ நகர பஸ் நவம்பரில் நகராது. நாற்பது நிமிடப் பயணம் எளிதாக இரட்டிப்பாகும், அதுவும் நின்றுகொண்டே. பஸ்ஸுக்கு மட்டுமான ஒருநாள் பாஸையும் 2024 மார்ச்சோடு நிறுத்திவிட்டார்கள். சப்வேயும் பஸ்ஸும் சேர்ந்த 1100 யென் பாஸ் இருக்கிறது. ஆனால் கோயில்களை ரயில் பாதை வாரியாகப் பிரித்துக்கொண்டால் அதுவும் பல நாள் தேவைப்படாது. கேஅகே சப்வே நிலையத்தில் இறங்கினால் நன்சென்ஜி, அங்கிருந்து நடந்தே எய்கான்தோ, ஷின்னியோதோ. தோஃபுகுஜிக்குக் கியோட்டோ நிலையத்திலிருந்து ஜே.ஆர். நாரா பாதையில் ஒரே நிறுத்தம். வடக்கே போக தெமாச்சியானகியிலிருந்து எய்சான் ரயில்.

எங்கே தங்கினால் கட்டுப்படியாகும்?

கியோட்டோவில் நவம்பர் வாடகை கண்ணைக் கட்டும், 2026 மார்ச்சிலிருந்து தங்கும் வரியும் கூடியிருக்கிறது. ஓட்சுவில் அறை எடுங்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கிடைத்தால், கியோட்டோவுக்குள்ளேயே பஸ்ஸில் அல்லாடுகிறவர்களைவிடச் சீக்கிரம் கோயில் வாசலில் இருப்பீர்கள். ஒசாகாவும் அரை மணி நேரம்தான். ஆனால் ஆறு மணிக்குக் கியோமிசுதேரா என்றால் அந்த ஓர் இரவாவது கியோட்டோவுக்குள் இருப்பது நல்லது.

இரவு விளக்கு அலங்காரம் பார்க்கலாமா?

ஒன்று பார்க்கலாம். கோதாய்ஜியின் குளத்தில் மரங்கள் அப்படியே தலைகீழாகத் தெரியும், பார்க்க வேண்டியதுதான். ஆனால் கூட்டத்திலிருந்து தப்ப இரவில் போகிறேன் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள், பகலைவிட நெரிசல் இரவில்தான். எய்கான்தோவில் பகல் டிக்கெட்டோடு உள்ளே இருந்துகொண்டு இரவையும் பார்த்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். மாலையில் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தனி டிக்கெட்டுக்குத்தான் மறுபடி திறக்கிறார்கள்.

மழை வந்தால் நாள் போச்சா?

இல்லை, உங்களுக்கு அதிர்ஷ்டம். நனைந்த இலையின் சிவப்பும் நனைந்த பாசியின் பச்சையும் வெயிலில் கிடைக்காதவை, ஆளும் பாதியாகக் குறையும். கல்படி வழுக்கும், அது மட்டும் கவனம்.

முன்பதிவு தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. விதிவிலக்குகள்: பாசித் தோட்டத்துக்குப் பேர்போன சைஹோஜிக்கு எந்தப் பருவத்திலும் முன்பதிவு உண்டு. பளபளக்கும் மேசையில் மேப்பிள் பிரதிபலிக்கும் படத்தால் பிரபலமான ருரிகோயின், இச்சிஜோஜி பக்கத்து என்கோஜி இரண்டும் இலையுதிர்கால உச்சத்தில் முன்பதிவு கேட்கின்றன. கூட்டம் பிடிக்காதவர்களுக்கு இது வரம்தான், உள்ளே விடும் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு இருக்கிறது அல்லவா. கிளம்புவதற்கு முன் அந்தந்தக் கோயிலின் இணையதளத்தில் அந்த ஆண்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டுக்கு எவ்வளவு ஆகும்?

500 யென்னிலிருந்து 1000 யென் வரை வைத்துக்கொள்ளுங்கள், ருரிகோயின் 2000, சைஹோஜி அதைவிடக் கூட. தோஃபுகுஜி பாலமும் எய்கான்தோவும் இந்தப் பருவத்தில் 1000. பல கோயில்களில் ரொக்கம்தான், 1000 யென் தாள்களும் சில்லறையும் கையில் இருக்கட்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

இதில்தான் நம்மவர்கள் அதிகம் திண்டாடுகிறார்கள். இறைச்சி கண்ணில் தெரியாவிட்டாலும் குழம்பில், சாஸில், காய் வேகவைத்த தண்ணீரில்கூட தாஷி என்ற சாறு இருக்கும். அது பெரும்பாலும் கத்சுவோபுஷியில் எடுப்பது. சூரை மீனை வேகவைத்துப் புகைபோட்டுக் காயவைத்தது, நம் மாசிக் கருவாட்டுக்குச் சொந்தக்காரன். அதனால் காய்கறி உதோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) என்றாலும் சைவம் என்று அர்த்தமில்லை.

கோயில் சமையலான ஷோஜின் ரியோரி மட்டும் நம்பிச் சாப்பிடலாம். கடற்பாசியிலும் காளானிலும் சாறு எடுப்பார்கள், மீன் கிடையாது. தென்ரியூஜி வளாகத்துக்குள்ளேயே ஷிகெத்சு என்ற உணவகம் இதைப் பரிமாறுகிறது. நன்சென்ஜி சுற்றுப்பக்கம் யுதோஃபு என்னும் சுடு தோஃபு பிரபலம், அங்கேயும் தொட்டுக்கொள்ளும் சாஸைக் கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் பசித்தால் சூப்பர் மார்க்கெட் வாசலில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்திருப்பார்கள். தோல் கருகி உள்ளே தேன் மாதிரி இளகியிருக்கும், கையையும் சூடாக்கும். எந்தச் சந்தேகமும் இல்லாத சைவம்.

குளிர் எப்படி? பெரியவர்களைக் கூட்டிப் போகலாமா?

நவம்பர் கடைசியில் பகல் 14, 15 டிகிரி, அதிகாலை 5 டிகிரி. காலையில் நடுங்கி மதியம் கழற்ற வேண்டியிருக்கும், ஆகவே ஒரே தடிமன் கோட்டைவிட அடுக்கடுக்காகப் போடுங்கள். கோயில்களுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தரையில் நடக்க வேண்டும், அந்தக் குளிர் உள்ளங்காலில் ஏறும். கனமான சாக்ஸ் இரண்டு ஜோடி கூடுதலாகக் கொண்டுபோங்கள். லேஸ் கட்டும் ஷூ வேண்டாம், ஒரு நாளில் பத்து முறையாவது கழற்றி மாட்ட வேண்டியிருக்கும்.

பெரியவர்களுக்குத் தைகோஜியின் கீழ்வளாகம், ஷின்னியோதோ, கோயாசானில் கூகாயின் சமாதிக்குப் போகும் ஓகுனோயின் பாதை எல்லாம் ஒத்துவரும். ஜோஜக்கோஜி, யமதேரா, ஹசெதேரா எல்லாம் படி, படி, படி.

படம் எடுக்கத் தடை உண்டா?

முக்காலி அநேகமாக எங்கேயும் கூடாது. சந்நிதிக்குள் படம் எடுக்கவும் பொதுவாக அனுமதி இல்லை. தோட்டத்தில் எடுக்கலாம்.

பெட்டிகளை என்ன செய்வது?

கியோட்டோ நிலைய லாக்கர்கள் காலை ஒன்பது, பத்துக்குள் நிரம்பிவிடும், பெரிய பெட்டியோடு பஸ்ஸில் ஏறினால் எல்லாரும் முறைப்பார்கள். ஒரு ஹோட்டலிலிருந்து அடுத்த ஹோட்டலுக்குக் கூரியரில் அனுப்பிவிடுங்கள். வரவேற்பில் சொன்னால் படிவம் தருவார்கள், பக்கத்து ஊர் என்றால் மறுநாள் போய்ச் சேரும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேல் வரும் பெட்டியை ஷின்கான்சென் புல்லட் ரயிலில் கொண்டுபோக அதற்கான இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே சேர்த்து எடுத்தால் கூடுதல் கட்டணம் இல்லை.